நன்னாரி வேர் முழுமையான வழிகாட்டி: வரப்புல இருந்து டம்ளர் வரைக்கும்

வெயில் காலம் வந்துட்டா தர்மபுரி நாலு ரோட்டுலயும் கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கமும் சர்பத் வண்டி வரிசையா நிக்குது, எல்லா வண்டியிலயும் கருகருன்னு ஒரு பாட்டில் இருக்கும், நன்னாரின்னு சொல்லி ஊத்திக் குடுப்பாங்க. ஆனா அந்த மாதிரி பாட்டில் பலதுல வேரே கிடையாது, சர்க்கரைப் பாகு, கலர், எசன்ஸ், அவ்வளவுதான். இதுல எனக்கு வருத்தம் என்னன்னா, உண்மையான நன்னாரி நம்ம ஊரு செம்மண் வரப்புலயும் வேலியோரத்துலயும் மிதிபட்டுக் கெடக்குது, அது எதுன்னு காட்டிக் குடுக்க வீட்டுல ஆயா தாத்தா இருந்த வரைக்கும் நமக்குத் தெரிஞ்சுது, இப்ப பக்கத்துல இருந்தும் தெரியல. அதனால செடிய அடையாளம் பாக்கறதுல ஆரம்பிச்சு, வேர் எடுக்கறது, காய வெக்கறது, எப்படிக் குடிக்கறது, எதுக்குக் குடிக்கலாம், யாரு குடிக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் எழுதிடறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

செடிய அடையாளம் பாக்கறது

நன்னாரி ஒல்லியான கொடி. தரையில படர்ந்து போகும், பக்கத்துல புதரோ வேலியோ இருந்தா அத சுத்திக்கிட்டு மேல ஏறும். இலை எதிரெதிரா ஜோடி ஜோடியா இருக்கும். இலை வடிவத்துலதான் நிறைய பேரு குழம்பிடறாங்க, ஏன்னா ஒரு கொடியில இலை ஒல்லியா நீளமா இருக்கும், இன்னொண்ணுல அகலமா முட்டை வடிவத்துல இருக்கும், சில சமயம் ஒரே கொடியில ரெண்டும் இருக்கும். அதனால இலை அகலத்த வெச்சு முடிவு பண்ணாதீங்க. நடு நரம்ப ஒட்டி வெள்ளை வெள்ளையா கோடு ஓடுதான்னு பாருங்க, இலைய கிள்ளுனா பால் வருதான்னு பாருங்க. பூ ரொம்பச் சின்னது, வெளிப்பக்கம் பச்சை, உள்ள ஊதா கலந்த நிறம். காய் ரெண்டு ரெண்டா ஒல்லியா நீண்டு இருக்கும், முத்தி வெடிச்சா பஞ்சு ஒட்டுன விதை பறக்கும், எருக்கஞ்செடியில பாத்திருப்பீங்களே அதே குடும்பம்தான் இதுவும். தாவரவியல்ல ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ்னு சொல்லுவாங்க.

இதெல்லாம் பாத்தாலும் கடைசியா வேர்தான் சாட்சி. கொடி அடியில லேசா மண்ண விலக்கி ஒரு சின்ன வேர நகத்தால சுரண்டி மோந்து பாருங்க, இனிப்பா, வெனிலா சாயல்ல, கொஞ்சம் மண் வாசனையோட மணம் வரணும். வரலன்னா விட்டுடுங்க. பால் வர்ற கொடி நம்ம பக்கம் பலது இருக்குது, அதுல விஷக்கொடியும் உண்டு, பாக்கறதுக்கு நன்னாரி மாதிரியே இருக்கற மணமே இல்லாத கொடியும் உண்டு. மணம் தெரியாம ஒரு வேரையும் வாயில வெக்காதீங்க.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் இருக்கறவங்களுக்கு ஒரு விஷயம். அங்க தெலுங்கும் கன்னடமும் பேசற வீடு நிறைய, தெலுங்குக்காரங்க இத சுகந்திபாலான்னும் கன்னடக்காரங்க சொகதே பேருன்னும் சொல்லுவாங்க. சந்தையில கேக்கும்போது அந்தப் பேர்லயும் கேளுங்க, மலைக்காட்டுல இருந்து கொண்டு வர்றவங்க எந்தப் பேர்ல வெச்சிருப்பாங்கன்னு சொல்ல முடியாது.

மாகாளிக்கிழங்கோட குழப்பிக்காதீங்க

மாகாளிக்கிழங்குக்கு பெருநன்னாரின்னும் ஒரு பேரு இருக்குது, அதுலயும் இதே மணம்தான், இன்னும் தூக்கலா. ஆனா அது வேற செடி, டெகாலெபிஸ் ஹாமில்டோனி. நன்னாரி வேர் ஒல்லி, கட்டை, வெளிய கரும்பழுப்பு. மாகாளி சதைப்பத்தா, விரல் தடிமன்ல இருந்து கை தடிமன் வரைக்கும் கொத்தா வரும், ஒரு துண்டு மென்னா நாக்கு சுருசுருன்னு மரத்த மாதிரி ஆகும். மலைச்சரிவு பாறை இடுக்குல வளர்றது அது. தோல் சீவி, நடு நரம்ப எடுத்துட்டு, மோர்லயோ எலுமிச்சையிலயோ உப்பு மிளகாத்தூள் சேத்து ஊறுகா போட்டா வருஷக்கணக்கா கெடக்கும். ராயலசீமா பக்கம் நன்னாரி சர்பத்துன்னு குடிக்கறது பெரும்பாலும் இந்தக் கிழங்குல செஞ்சதுதான், அந்தப் பழக்கம் ஆந்திரா எல்லையோரமா நம்ம கிருஷ்ணகிரி வரைக்கும் இருக்குது. சர்பத்துக்கு ரெண்டும் ஆகும். ஆனா சித்த மருந்துல நன்னாரின்னு எழுதியிருந்தா அந்த ஒல்லி வேரத்தான் சொல்றாங்க, அங்க மாத்திப் போடக் கூடாது.

மாகாளிய தோண்டுனா செடியே போயிடும், கிழங்கோட புடுங்கி எடுக்கறதால திரும்ப முளைக்கறதில்ல. தென்னிந்தியாவ விட்டா வேற எங்கயும் இல்லாத செடி அது, விக்கறதுக்குன்னு தோண்டித் தோண்டி காட்டுல கொறைஞ்சுக்கிட்டே வருது. சர்பத்துக்காக அத வாங்காதீங்க, நன்னாரியே போதும்னுதான் நான் சொல்லுவேன்.

வேர் எங்க கிடைக்கும், எங்க எடுக்கக் கூடாது

உங்க சொந்த நிலத்து வரப்பு, வேலியோரம், மாந்தோப்புக்குள்ள உழாம விட்ட ஓரம், இங்கதான் முதல்ல தேடணும். பென்னாகரம், பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை, அஞ்செட்டி எல்லாப் பக்கமும் செம்மண் சரளையில நல்லா வரும்.

காப்புக்காட்டுக்குள்ள போய் தோண்டாதீங்க. ஒகேனக்கல், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கத்துக் காட்டுல பெரும்பகுதி 2014ல இருந்து காவேரி வடக்கு வன உயிரின சரணாலயம், அங்க அனுமதி இல்லாம செடி புடுங்கறதே 1972 வனவிலங்குச் சட்டப்படி குத்தம், ஆனை நடமாடற இடம் வேற. சித்தேரி, வத்தல்மலை மலையாளி மக்களுக்கும் அஞ்செட்டி பக்கத்து இருளர் மக்களுக்கும் 2006 வன உரிமைச் சட்டப்படி சிறு வனப்பொருள் சேகரிக்க உரிமை இருக்குது, அவங்க கொண்டு வந்து சந்தையில விக்கறத வாங்குங்க. பேரம் பேசிக் கொறைக்காதீங்க, கெட்டியான சரளையில ஒரு கிலோ வேர் தோண்டறது எவ்வளவு பாடுன்னு ஒரு தடவ கடப்பாரை புடிச்சுப் பாத்தா தெரியும்.

நாட்டு மருந்துக் கடையில வாங்குனா இத எல்லாம் பாருங்க. வேர் மேல தோல்ல குறுக்கால வெடிப்பு வெடிப்பா இருக்கணும், வளைச்சா தோல் வளையம் வளையமா கழண்டு உள்ள மஞ்சளா கட்டையான தண்டு தெரியணும். ஒடைச்ச உடனே மணம் வரணும், மூட்டையத் தொறந்தா வர்ற மணத்த நம்பாதீங்க, பக்கத்துல இருக்கற நல்ல வேர்ல இருந்து ஒட்டுன மணமா கூட இருக்கும், கையில எடுத்த வேர ஒடைச்சு மோந்துதான் பாக்கணும். பூஞ்சை புடிச்சு வெள்ளையா இருந்தாலோ தூசி நாத்தம் அடிச்சாலோ வேண்டாம். பொடியா வாங்காதீங்க, பொடியில என்ன கலந்திருக்குன்னு கண்ணால சொல்ல யாராலயும் முடியாது.

தோண்டறது

மார்கழி, தை மாசம்தான் சரியான காலம், மழை முடிஞ்சு இலை பழுத்து உதிர ஆரம்பிக்கும், அப்பதான் சத்தெல்லாம் வேர்ல எறங்கி இருக்கும், மண்ணும் இன்னும் இரும்பா இறுகியிருக்காது. மழை பெஞ்ச ரெண்டு மூணு நாள் கழிச்சுன்னா இன்னும் சுலபம்.

கொடிய புடிச்சு இழுக்காதீங்க, அறுந்துடும். கொடி மண்ணுல எறங்கற இடத்துல இருந்து ஒரு ஜாண் தள்ளி ஒரு பக்கம் மட்டும் குழி பறிச்சு, வேர் போற திசையிலயே மண்ண விலக்கிக்கிட்டு போங்க. பென்சில் தடிமனுக்கு மேல இருக்கற வேர மட்டும் வெட்டுங்க, கழுத்துப் பக்கம் நாலஞ்சு விரற்கடை நீளத்துக்கு வேரோட கொடிய விட்டுட்டு மண்ண மூடி மிதிச்சுடுங்க, ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. அடுத்த மழைக்கு திரும்பத் துளிர்க்கும். பக்கத்துல பத்து கொடி இருந்தா மூணு நாலுல மட்டும் எடுங்க, மத்தது காய் வெடிச்சு விதை விழட்டும்.

கழுவறது, காய வெக்கறது

இங்கதான் நல்ல வேர பாழாக்கிடறாங்க, அதனால இத கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

நன்னாரி மணத்துக்குக் காரணம் 2-ஹைட்ராக்ஸி-4-மெத்தாக்ஸி பென்சால்டிஹைட்னு ஒரு பொருள். வெனிலாவுல மணம் குடுக்கறது வெனிலின், அதுலயும் இதே அணுக்கள்தான் இதே எண்ணிக்கையில, ஒட்டியிருக்கற இடம்தான் மாறுது, அதனாலதான் ரெண்டு மணமும் சொந்தக்காரங்க மாதிரி தெரியுது. இந்தப் பொருள் முக்கியமா இருக்கறது வேர்த்தோல்ல, நடுக்கட்டையில இல்ல. அது சூடு பட்டா, நீராவி பட்டா ஆவியாப் போயிடும், ஆராய்ச்சிக்காரங்க வேர்ல இருந்து இத பிரிச்சு எடுக்கறதே நீராவிய விட்டுத்தான். இந்த ரெண்டு விஷயத்த மனசுல வெச்சுக்கிட்டா மத்த எல்லா வேலையும் தானா புரியும்: தோல காப்பாத்தணும், சூட்ட கொறைக்கணும்.

மண்ணு போக ஓடற தண்ணியில வேகமா கழுவுங்க, மணிக்கணக்கா ஊற வெச்சுத் தேய்க்காதீங்க. பிரஷ் போட்டுத் தேய்ச்சா தோல் உரியும், கையாலயே போதும். அப்புறம் துணியில தொடைச்சு நெழல்ல, காத்தோட்டமா, பிரம்புத் தட்டுலயோ நூல் கட்டில்லயோ பரப்பி காய விடுங்க. மொட்டை மாடி வெயில்ல போட்டா சீக்கிரம் காயும், மணமும் சீக்கிரம் போயிடும். நெழல்ல ஒரு வாரம் பத்து நாள் ஆகும், ஒடைச்சா படக்னு ஒடையணும், அதுதான் பதம்.

காஞ்சதும் அம்மியிலயோ உரல்லயோ லேசா தட்டுனா தோல் கழண்டு வரும், நடுக்கட்டைய பொறுக்கிப் போட்டுடுங்க. கட்டைய போட்டாலும் கெடுதல் ஒண்ணும் இல்ல, சும்மா எடைதான். தோல் துண்ட கண்ணாடி ஜாடியில இறுக்கி மூடி இருட்டான இடத்துல வெச்சா வருஷம் பூரா தாங்கும். பொடி பண்ணறதுன்னா தேவைக்கு மட்டும் பண்ணிக்கோங்க, சித்த மருத்துவத்துல சூரணத்துக்கு ஆயுசு 3 மாசம்னு கணக்கு, சர்பத் மாதிரி செய்யற மணப்பாகுக்கு 6 மாசம், குடிநீருக்கு, அதாவது கஷாயத்துக்கு ஒரு சாமம், 3 மணி நேரம்தான். காலையில போட்ட கஷாயத்த ராத்திரி சூடு பண்ணிக் குடிக்கறதெல்லாம் அந்தக் கணக்குல சேராது.

தண்ணி விஷயம், நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் தனியா

இத யாரும் எழுதறதில்ல, அதனால அழுத்திச் சொல்றேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி தண்ணியில ஃப்ளோரைடு அதிகம், பல்லுல காவிக்கறை, முட்டி வலி, கால் எலும்பு வளையறதுன்னு தலைமுறையா பட்டது நம்ம சனம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இந்த ஃப்ளோரோசிஸ் நோய கொறைக்கத்தான் வந்துச்சு, 2013ல தொடங்கி வெச்சாங்க. குடிதண்ணியில ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம், வேற வழியே இல்லன்னா 1.5 வரைக்கும்னு நம்ம நாட்டு தர அளவு சொல்லுது.

கொதிக்க வெச்சா கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. கஷாயம்னா எட்டுப் பங்கு தண்ணிய ஒரு பங்கா வத்த வைக்கறோம், தண்ணி ஆவியாகும், ஃப்ளோரைடு அத்தனையும் அந்த ஒரு பங்குலயே தங்கிடும். போர் தண்ணியில அப்படி வத்த வெச்சு தெனமும் குடிச்சா மருந்துன்னு நெனச்சு வேறத குடிக்கறோம். அதனால ஒகேனக்கல் தண்ணியோ மழைத்தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ மட்டும் எடுத்துக்கோங்க, போர் தண்ணி வேண்டாம். நன்னாரிக்கு வத்த வைக்கற முறையே தேவையில்லைங்கறது இன்னொரு நல்லது.

குடிக்கற முறைகள்

ஊறல். எனக்குப் புடிச்சது இதுதான், நன்னாரிக்கு ஏத்ததும் இதுதான். ஒரு ஆளுக்கு 5 கிராம் தோல், அதாவது நசுக்குனது ரெண்டு டீஸ்பூன் கிட்ட. 200 மில்லி தண்ணிய நல்லா கொதிக்க வெச்சு அடுப்ப அணைச்சுட்டு, அப்புறம் வேர போட்டு உடனே மூடிடுங்க, மூடறதுதான் முக்கியம். அரை மணி நேரம் கழிச்சு மூடிய தொறந்தா மூடியோட உள்பக்கத்துல நிக்கற தண்ணியக் கூட டம்ளர்லயே தட்டி விடுங்க, மணம் அதுலயும் இருக்கும். வடிகட்டி வெறுமனே குடிக்கலாம், கொஞ்சம் பனங்கற்கண்டு போட்டுக்கலாம். நிறம் லேசான டீ நிறத்துல இருக்கும், அதுக்கு மேல கருப்பா வராது, வரவும் கூடாது. இரும்புப் பாத்திரம் வேண்டாம், வேர்ல இருக்கற துவர்ப்பு இரும்போட சேந்து கருத்துடும். எவர்சில்வர், மண்சட்டி, கண்ணாடி எதுவும் சரி.

பானைத் தண்ணி. வேர கட்டையோட ஒரு கைப்பிடி எடுத்து, வெள்ளைத் துணியில முடிஞ்சு மண்பானையில போட்டுடுங்க. கூட வெட்டிவேர் சேத்தா இன்னும் நல்லா இருக்கும். ரெண்டு நாளுக்கு ஒரு தடவ முடிச்ச எடுத்து நெழல்ல ஆற விட்டு திரும்பப் போடுங்க, ஒரு வாரத்துல மணம் போயிடும், வேற மாத்துங்க. பானையையும் அப்பப்ப கழுவுங்க, இல்லன்னா வழவழப்பு புடிக்கும். வயக்காட்டு வேலைக்குப் போறவங்களுக்கு பாட்டில்ல இந்தத் தண்ணி குடுத்து அனுப்பறது ரொம்ப நல்ல பழக்கம், மணமா இருக்கறதாலயே இன்னும் ரெண்டு டம்ளர் கூடக் குடிப்பாங்க.

பால். வயசானவங்களுக்கு, ஒடம்பு எளைச்சவங்களுக்கு குடுக்கறது. தோல் பொடி அரை டீஸ்பூன், ஒரு டம்ளர் காய்ச்சுன பால்ல கலந்து மூடி பத்து நிமிஷம் வெச்சு வடிகட்டிக் குடுங்க. ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்ன குடிக்கலாம்.

சர்பத், மணப்பாகுன்னு சொல்றதும் கிட்டத்தட்ட இதேதான். வேர்த்தோல் 100 கிராம், தண்ணி 1 லிட்டர், சர்க்கரை 1 கிலோ, அரை எலுமிச்சம்பழம். தண்ணி கொதிச்சதும் அடுப்ப அணைச்சு, தட்டுன தோல போட்டு மூடி ராத்திரி பூரா விடுங்க. காலையில மெல்லிசான துணியில வடிகட்டி ஒரு மணி நேரம் அசையாம வெச்சா வண்டல் அடியில நிக்கும், மேல தெளிஞ்சத மட்டும் எடுங்க. அதுல கால் பங்க தனியா வெச்சுட்டு மிச்சத்துல சர்க்கரைய போட்டு சின்னத் தீயில காய்ச்சுங்க, அழுக்கு நொரை வந்தா கரண்டியால எடுத்துடுங்க, எலுமிச்சைச் சாறு விடுங்க, சாறு விட்டா பாகு பின்னால சர்க்கரையா பூத்துக்காது. ரெண்டு விரலுக்கு நடுவுல ஒரு கம்பி பதத்த விட கொஞ்சம் கெட்டியா வந்ததும் அடுப்ப அணைச்சுட்டு, தனியா வெச்ச கால் பங்கு ஊறல அந்தச் சூட்டுலயே கலந்து மூடிடுங்க. இந்த ஒரு வேலையால சர்பத்தோட மணமே வேற மாதிரி இருக்கும், செஞ்சு பாருங்க. ஆறுனதும் காஞ்ச கண்ணாடி பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வைங்க. குடிக்கும்போது 30 மில்லி பாகு, ஒரு டம்ளர் பானைத் தண்ணி, எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரைக்கு பதிலா வெல்லம் போட்டா முதல்ல வெல்லத்த கரைச்சு மண்ணு வடிகட்டிக்கோங்க, ஆனா வெல்ல வாசனை நன்னாரிய கொஞ்சம் அமுக்கிடும், எனக்கு சர்க்கரையில செஞ்சதுதான் தெளிவா இருக்கற மாதிரி தோணுது.

கடையில வாங்கித்தான் ஆகணும்னா லேபிள படிங்க. நன்னாரி வேர்ச்சாறு எந்த எடத்துல எழுதியிருக்கு, செயற்கைச் சுவைன்னு இருக்கா, ஐஎன்எஸ் 150ன்னு இருக்கா, அது கேரமல் கலர். அந்தக் கருப்பு வேரோட நிறம் இல்ல.

எதுக்கெல்லாம் உதவும்

சித்த மருத்துவத்துல நன்னாரி குளிர்ச்சி, பித்தம் தணிக்கும், சிறுநீர் பெருக்கும், வேர்வை பெருக்கும், ரத்தம் சுத்தம் பண்ணும், ஒடம்ப தேத்தும்னு இருக்குது. ஆயுர்வேதத்துல இது சாரிவா, சரக சம்ஹிதையில காய்ச்சல், எரிச்சல், தாய்ப்பால் சுத்தி, மேனி நிறம் இப்படிப் பல மூலிகைத் தொகுப்புல இதோட பேரு வருது. சாரிபாத்யாசவம்னு கடையில கிடைக்கற மருந்துல முதல் பேரே இதோடதுதான். வெள்ளைக்காரங்களும் இத விடல, அமெரிக்காவுல இருந்து வந்த சார்சபரில்லா வேருக்கு பதிலா இத எடுத்துக்கிட்டு 1864ல பிரிட்டிஷ் பார்மகோபியாங்கற அவங்க மருந்துத் தர நூல்லயே சேத்தாங்க. அந்த சார்சபரில்லாவும் நம்ம பறங்கிப்பட்டையும் ஒரே இனம், நன்னாரி அந்த இனமே இல்ல, வேலைதான் ஒத்துப் போகுதுன்னு அப்ப நெனச்சாங்க.

இப்ப நம்ம அனுபவத்துக்கு வர்றேன். சூட்டுனால வர்ற நீர்க்கடுப்பு, கண்ணு எரிச்சல், வாய்ப்புண்ணு, வேர்க்குரு, தாகம், இதுக்கெல்லாம் ஊறல் நல்லா கேக்கும். இதுல பாதி வேலைய தண்ணியே செய்யுது, அது உண்மை, வெயில்ல ஒடம்பு வறண்டவங்களுக்கு முதல் மருந்து தண்ணிதான், நன்னாரி அந்தத் தண்ணிய விரும்பிக் குடிக்க வைக்குது, எரிச்சலையும் தணிக்குது. ரெண்டு நாள் காலையும் சாயங்காலமும் ஒரு டம்ளர் குடிச்சுப் பாருங்க. ஆனா நீர்க்கடுப்போட காய்ச்சல், குளிர், முதுகுப் பக்கம் வலி, மூத்திரத்துல ரத்தம் இதுல ஒண்ணு இருந்தாலும் அது சூடு இல்ல, கிருமி ஏறியிருக்கும் இல்ல கல்லு இருக்கும், உடனே டாக்டர பாருங்க.

தோல் அரிப்பு, சொறி, கட்டிக்கு நன்னாரிய ரொம்ப காலமா குடுத்துட்டு வர்றாங்க. இதுக்கு ரெண்டு நாள்ல பலன் எதிர்பாக்காதீங்க, சித்த மருத்துவர் ஒருத்தர் பாத்து மத்த மருந்தோட சேத்துத்தான் குடுப்பாரு. அரசு ஆஸ்பத்திரிகள்ல சித்தா பிரிவு இருக்குது, பல ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் இருக்குது, செலவில்லாம பாத்துக்கலாம், ஏன் போக மாட்டேங்கறாங்கன்னு எனக்குத் தெரியல.

ஆராய்ச்சி பக்கம் பாத்தா, சோதனைக்கூடத்துலயும் எலிகள்லயும் கல்லீரல காக்கறது, வீக்கம் கொறைக்கறது, ரத்த சர்க்கரை கொறைக்கறது, கிருமிய அடக்கறதுன்னு நிறைய வந்திருக்குது. அந்த மணப்பொருளே தோல்ல கருப்பு நிறமி உண்டாக்கற நொதிய தடுக்குதுன்னும் சோதனைக் குழாய்ல பாத்திருக்காங்க, மேனி நிறத்துக்குன்னு பழைய நூல்ல சொன்னதோட அது ஒத்துப் போகறது எனக்கு ஆச்சரியமா இருக்குது. ஆனா எலிக்கு நடந்தது எல்லாம் மனுசனுக்கும் அப்படியே நடக்கும்னு சொல்ல முடியாது, மனுசங்க மேல பெரிசா செஞ்ச ஆய்வு கொறைவு. அதனால நன்னாரி குடிச்சா சுகர் போயிடும், கல்லீரல் புதுசாயிடும்னு வாட்ஸ்அப்ல வர்றத நம்பி மாத்திரைய நிறுத்திடாதீங்க.

பாம்புக்கடிக்கு நன்னாரி வேர அரைச்சுக் குடுக்கற பழக்கம் நம்ம பக்கம் இருந்திருக்குது. வேர்ல இருந்து பிரிச்ச சில பொருள் விஷத்த எதிர்த்து நிக்குதுன்னு எலிகள்ல பாத்ததும் உண்மை. ஆனா வீட்டுல அரைச்ச வேர் கண்ணாடிவிரியன் விஷத்த, கட்டுவிரியன் விஷத்த நிறுத்தாது. கடிச்ச காலையோ கையையோ அசைக்காம, இறுக்கிக் கயிறு கட்டாம, கீறாம, உறிஞ்சாம, 108க்கு போன் பண்ணி விஷமுறிவு ஊசி இருக்கற அரசு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க. வேர் அரைக்கற நேரத்துல ஆஸ்பத்திரி பாதி தூரம் போயிடலாம். இத வீட்டுல இருக்கற பெரியவங்களுக்கு இப்பவே சொல்லி வைங்க, கடிச்சதுக்கு அப்புறம் வாதாட நேரம் இருக்காது.

யாரு ஜாக்கிரதையா இருக்கணும்

கர்ப்பமா இருக்கறவங்க மருந்து அளவுல, அதாவது தெனமும் ஊறல், பொடின்னு எடுக்க வேண்டாம், டாக்டர் கிட்ட கேட்டுட்டு எடுங்க. சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கறவங்களுக்கு சர்க்கரை இன்னும் எறங்க வாய்ப்பு இருக்குது, நீர் பிரியற மாத்திரை, கிட்னி பிரச்சனை இருக்கறவங்களும் கேக்காம எடுக்காதீங்க. சளி, இருமல், ஆஸ்துமா இருக்கும்போது நம்ம வைத்தியத்துல குளிர்ச்சியான பொருள் குடுக்க மாட்டாங்க, குணமானதும் குடிங்க.

சர்பத்துக்கு தனியா ஒரு வார்த்தை. மேல சொன்ன அளவுல செஞ்ச பாகு 30 மில்லியில சர்க்கரையே 25 கிராம் கிட்ட வந்துடும், ஒரு நாளைக்கு சேத்துக்கற சர்க்கரை 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஒடம்புக்கு நல்லதுன்னு கொழந்தைங்களுக்கு நாளுக்கு மூணு டம்ளர் குடுத்தா நன்னாரி செய்யற நல்லத சர்க்கரை அழிச்சுடும். மருந்துக்குன்னா ஊறல், விருந்துக்குன்னா சர்பத். சுகர் இருக்கறவங்க ஊறல்ல எலுமிச்சை, உப்பு போட்டுக் குடிங்க, அதுவும் நல்லாத்தான் இருக்கும்.

வீட்டுல வளக்கறது

காட்டுச் செடிய நம்பி இருக்கறத விட வேலியோரமா நாமளே வெச்சுக்கறது நல்லது. விதையிலயும் வரும், வேர்த்துண்டுலயும் வரும். வேர்த்துண்டு சுலபம், கழுத்துப் பக்கம் மொட்டு இருக்கற ஒரு விரல் நீளத் துண்டா எடுத்து, செம்மண், மணல், மக்குன எரு சமமா கலந்த பையில ஆடி, ஆவணியில நடுங்க. தண்ணி தேங்கக் கூடாது, தேங்குனா வேர் அழுகிடும், அது ஒண்ணுதான் இதுக்கு எதிரி. துளிர் வந்து கொடி ஒரு முழம் ஆனதும் ஐப்பசி மழையில வேலியோரமா, பாதி நெழல் விழற இடத்துல, ஒண்ணுக்கு ஒண்ணு ரெண்டு அடி தள்ளி நடுங்க. மாந்தோப்பு ஓரம் அருமையா வரும். தொட்டியில வெக்கறதுன்னா ஆழமான தொட்டியா பாருங்க, சிமெண்ட் சாக்குல கூட வெக்கலாம், வேர் எறங்க இடம் வேணும். பெருசா உரம் கேக்காது, வருஷத்துக்கு ஒரு தடவ ரெண்டு கை தொழு உரம் போதும், கோடையில வாரத்துக்கு ஒரு தண்ணி.

முதல் வருஷம் தோண்டாதீங்க. ரெண்டாவது வருஷம் தை மாசம் ஒரு பக்கம் மட்டும் மண்ண விலக்கிப் பாருங்க, வேர் பென்சில் தடிமன் வந்திருந்தா எடுக்கலாம், வரலன்னா மண்ண மூடிட்டு அடுத்த தை வரைக்கும் விட்டுடுங்க.